ஆறாவது பெட்டி

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் கமலநாயகிக்கு ஒரு பெயர் உண்டு. அவளிடம் போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. கறி வந்த சட்டியில் பயற்றம் பணியாரம் போகும், கேக் வந்த தட்டில் வாழைப்பழம் போகும், ஒன்றுமே அகப்படாத நாளில் ஒரு பிடி சீனியாவது போகும். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். கமலநாயகிக்கு மட்டும் அது வழக்கத்தைத் தாண்டி வீம்பாகவே ஆகிவிட்டது. கழுவிக் கொடுத்தால் காணாதா என்று மகள் தேனுஜா எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். தாய் கேட்டால்தானே.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் சாப்பாடு கொடுப்பார்கள். சமையல் கமலநாயகியின் பொறுப்பு. சொதி, உருளைக்கிழங்குக் கறி, சம்பல் எல்லாம் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து செய்வார்கள். இருநூறு இடியப்பம் பிழிய அங்கே ஆளுமில்லை, நேரமுமில்லை. அது சுகன்யாதேவி வீட்டிலிருந்து ஆறு பெட்டிகளில் வரும். நீல மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள். பார்சல் நிலையத்தில் காலை வேலை முடித்து வருகிற வழியில் கமலநாயகியின் கணவர் அரியரத்தினம் எடுத்து வருவார், செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

சுகன்யாதேவியின் இடியப்பத்துக்கு ஊரெல்லாம் புகழ். சிவப்பரிசி மா பக்குவமாக வறுபட்டு, சுடுதண்ணீர் அளவாகப் பட்டு, தொட்டால் நூல் நூலாகப் பிரியும். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு இரண்டு மணிக்கட்டிலும் ஒப்பரேஷன் நடந்தது. கமலநாயகிதான் ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்குப் பிறகு இடியப்பம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. இடியப்ப உரலை அழுத்த முடியாத கையால் இவ்வளவும் பிழிவது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கமலநாயகியும் கேட்கவில்லை. அவளுடைய குறையெல்லாம் வேறு. இரண்டு வருடமாகப் பெட்டிக்குள் பனங்கட்டியும் லட்டும் வைத்து அனுப்புகிறாள், சுகன்யா ஒரு நாளாவது கிடைத்தது என்று சொன்னாளா? வாய்க்குள் முத்தா வைத்திருக்கிறாள் என்று கமலநாயகி உள்ளுக்குள் புகைந்து கொண்டிருந்தாள்.

அந்தப் புகைச்சல் அடங்கியது ஒக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். கடைசிப் பெட்டியைக் காலி செய்து அடியில் விரித்த தாளை உருவியபோது, அதன் கீழே மாப்பையிலிருந்து கிழித்த கடதாசித் துண்டு ஒன்று இருந்தது. பென்சில் எழுத்து.

"அக்கா, பனங்கட்டி கிடைத்தது. போன கிழமை லட்டும் கிடைத்தது. எப்போதும் கிடைக்கிறது. நன்றி. நான் இங்கே வேலை செய்கிற பிள்ளை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். குமுதினி."

கமலநாயகி அதைச் சொதி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூன்று தரம் படித்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் சுகன்யா வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றில் குசினி வாசலில் ஒரு மெலிந்த பெண்ணைக் கண்டது ஞாபகம் வந்தது. யாரென்று கேட்டதற்கு, ஊரிலிருந்து வந்து வீட்டில் நிற்கிற பிள்ளை, மகளின் பேறுகாலத்துக்கு உதவியாகக் கூப்பிட்டது என்று சுகன்யா சொல்லியிருந்தாள். பிறகு ஒரு கோயிலிலும் இல்லை, ஒரு கடையிலும் இல்லை, ஒரு கலியாணத்திலும் இல்லை. போய்விட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையைச் சொன்னால், எவரும் அவளைப் பற்றி நினைக்கவேயில்லை.

வீட்டில் நிற்கிற பிள்ளை. அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் எத்தனை இலகுவாகச் சொல்லியிருக்கிறோம் என்று அன்று மாலை கமலநாயகிக்குத் தோன்றியது. அவள் பிறந்த வீட்டிலும் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒருத்தி நின்றாள். கமலநாயகியின் வயதுதான். கமலநாயகி பள்ளிக்கூடம் போனாள், அவள் முற்றம் கூட்டினாள். அவளுடைய பெயரை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதுதான் கமலநாயகியைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் துண்டைக் காட்டினாள். அரியரத்தினம் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, மடித்து அவளிடமே கொடுத்தார்.

"உமக்கென்ன விசரே? விசா இல்லாத ஆளைப் பற்றி நாங்கள் வாய் திறக்கிறேல்லை. எண்பத்தஞ்சில ஆரும் வாய் திறந்திருந்தால் நான் இண்டைக்கு இஞ்ச இல்லை."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்தக் கதையைக் கேட்டவள் அவள். அகதி மனு நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது அரியரத்தினத்துக்கு இருபத்திரண்டு வயது. அவரைத் தன் அறையில் எட்டு மாதம் ஒளித்து வைத்தவர் சுவாமிநாதன். அவருக்கு இரவு வேலை. இரவில் அரியரத்தினம் படுத்த கட்டிலில் பகலில் சுவாமிநாதன் படுப்பார். ஒரு கோப்பைச் சோற்றை இரண்டாகப் பங்கிட்டார்கள். வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து, புதிதாக மனுப் போட்டு, விசா கையில் வரும்வரை அந்தக் கட்டடத்தில் இருந்த பதினேழு தமிழரில் ஒருத்தர் மூச்சு விடவில்லை. அந்தச் சுவாமிநாதனின் மனைவிதான் சுகன்யாதேவி. இந்த வீட்டில் தேனுஜாவுக்குப் பெயர் வைத்தவரும் அதே சுவாமிநாதன்தான்.

கமலநாயகி அன்றைக்கு வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டிகள் திரும்பிப் போனபோது, கடைசிப் பெட்டியில் பயற்றம் பணியாரத்தின் கீழே ஒரு துண்டு வைத்தாள். எந்த ஊர், எப்போது வந்தாய், வெளியில் வருவதில்லையா என்று மூன்று கேள்வி. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வந்து நான்கு வருடமும் இரண்டு மாதமும். பாஸ்போர்ட் அம்மாவின் அலுமாரியில். சம்பளம் ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொல்கிறார்கள், ஊரில் கிடைக்கவில்லை. வாசலைத் தாண்டியது இரண்டு தரம், இரண்டு தரமும் காரில். "வெளியில் போனால் பொலிஸ் பிடித்துச் சிறையில் போடும் என்கிறார்கள். விமானத்தில் கூட்டி வந்தவர்களுக்கு நன்றி மறக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கமலநாயகிக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. பனங்கட்டித் துண்டு ஒன்றுக்கு ஒளித்து நன்றி எழுதுகிற பிள்ளைக்கு நன்றியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களாம்.

அவள் மகளிடம் சொன்னாள். தேனுஜா இங்கே பிறந்தவள், கண்கிளினிக் ஒன்றில் வேலை. வாய் திறக்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டே நாளில், இப்படி அடைபட்டு வேலை செய்கிறவர்களுக்கு உதவுகிற ஆலோசனை நிலையம் ஒன்றைக் கண்டுபிடித்து சந்திக்க நேரம் கேட்டு டெர்மின் எடுத்துவிட்டாள். தாயும் மகளும் போனார்கள். குட்டை முடி வெட்டிய ஒரு ஜெர்மன்காரி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். குமுதினியைச் சிறையில் போடமாட்டார்கள், உடனே திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், தங்க இடம் உண்டு, வழக்குக்குச் சாட்சி சொல்வதா இல்லையா என்று யோசிக்க மூன்று மாதம் உண்டு என்று விளங்கப்படுத்தினாள். பொலிசைக் கூப்பிடுவதென்றாலும் கூப்பிடலாம், ஆனால் முதலில் அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேளுங்கள் என்றாள். நான்கு வருடமாக எல்லாவற்றையும் அவளுக்காக மற்றவர்களே முடிவு செய்திருக்கிறார்கள், நாமும் அதையே செய்யக் கூடாது என்றும் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெட்டியில் ஒரே ஒரு கேள்விதான் போனது. வெளியில் வர விருப்பமா?

இதற்குள் அரியரத்தினத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவரல்லவா. மனைவி மகளோடு சேர்ந்து ஆலோசனை நிலையமென்று ஜெர்மன் கந்தோர் ஏறிவிட்டாள் என்றதும் மனுசன் ஆடிப்போனார். சத்தம் போடவில்லை, அவர் சத்தம் போடுகிற ஆளில்லை. புதன்கிழமை வேலை முடிந்து, மழையில், தனியாகச் சுவாமிநாதன் வீட்டுக்குப் போனார். எங்கள் ஆட்களுக்குள் கதைத்துத் தீர்க்கலாம் என்று நினைத்தார். நாற்பது வருடமாக இங்குள்ள தமிழர் எல்லாச் சண்டையையும் அப்படித்தான் தீர்த்திருக்கிறார்கள், ஆகையால் அவர் நினைத்ததில் பெரிய குற்றமும் சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பெட்டியில் போய் வந்த துண்டுகளைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவில்லையாம். சுவாமியண்ணை சொல்லிவிட்டாராம், அடுத்த மாதம் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்று. பிரச்சினை முடிந்தது, இனிக் கந்தோரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார்.

"அந்தப் பிள்ளையிட்டக் கேட்டனீங்களோ?" என்று மட்டும் கமலநாயகி கேட்டாள். அவர் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை அவர் பார்க்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆறு பெட்டியும் வந்தன. நவம்பர் கடைசி, வெளியில் தூறல், மண்டபத்துக் குசினியில் வெங்காயம் வதங்குகிற மணம். அரியரத்தினம் பெட்டிகளை மேசையில் அடுக்கும்போதே ஆறாவது பாரம் குறைவாக இருக்கிறதென்றார். மூடியைத் திறந்தவரும் அவர்தான்.

இடியப்பம் இல்லை. அடித்தாள் ஒழுங்காக விரித்திருந்தது. அதன் மேல், மடித்து மடித்துக் கையால் தேய்த்து மட்டமாக்கிய ஒரு பாவாடை, இரண்டு சட்டை, ஒரு சீப்பு, பிளாஸ்டிக் பையில் போட்ட ஒரு தாயின் படம், திருநீற்றுப் பொட்டலம். மேலே மாப்பைத் துண்டு.

"அக்கா, விருப்பம். ஆனால் உங்கள் வீட்டு ஐயா வந்து பேசிவிட்டுப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பாரிசுக்கு அம்மாவின் தம்பி வீட்டுக்குக் கொண்டு போகிறார்களாம். நான் வர முடியாவிட்டாலும் இதுகளை வைத்திருங்கள்."

அரியரத்தினம் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த வெங்காய மூடை மேல் உட்கார்ந்துவிட்டார். கடலைத் தாண்டியும் எல்லையைத் தாண்டியும் வந்த மனிதர். ஒரு பெண் தன் முழு உடைமையையும் ஒரு பெட்டியில் அடக்கி, தனக்கு முன்னால் அதைத் தப்ப அனுப்பியிருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவுமில்லை.

"நான்தான் கெடுத்துப்போட்டன், கமலா" என்றார்.

"கெட்டது இருக்கட்டும். எழும்புங்கோ. ஒரு பெட்டி குறையுதெண்டு கேட்டுப் போவம்."

தேனுஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவள் ஆலோசனை நிலையத்துக்குச் சொல்ல, இன்றைக்கே அழைத்து வாருங்கள், காத்திருக்கிறோம் என்றார்கள். தேங்காய் துருவிக் கொண்டிருந்த அம்பிகாவிடம் அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கமலநாயகி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆறாவது பெட்டியோடு காரில் ஏறினாள். வழி நெடுக வைப்பர் மட்டும் கீச்சிட்டுக் கொண்டிருந்தது. ஒரு தரம் சிவப்பு விளக்கில் நின்றபோது அரியரத்தினம், இண்டையோட அந்த வீட்டு வாசல் எனக்கு மூடிக்கொள்ளும் என்றார். கமலநாயகி அவருடைய முழங்காலில் கை வைத்தாள்.

சுவாமிநாதன் வீடு நகரின் தெற்கே, வரிசை வீடுகளில் மூன்றாவது. அடுத்த வீட்டுக் கிழவர் வாசலில் ஈர இலைகளைக் கூட்டிக் கொண்டிருந்தார். கதவைத் திறந்த சுகன்யாதேவி ஒரு பெட்டி குறைந்ததாகக் கேட்டதும் முகம் சுளித்து, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். குமுதினி குசினியிலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். கை முட்டிவரை மா. வந்திருப்பவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கமலநாயகி வருகிற வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல யோசித்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"பிள்ளை, உன்ர உடுப்பு எங்களிட்ட வந்து சேர்ந்திட்டுது. நீயும் வாறியோ?"

குமுதினி திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.  பயந்துவிட்டாள், இனி வரமாட்டாள் என்றே கமலநாயகி நினைத்தாள். சுகன்யாதேவிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. வாசலை மறித்து நின்று, எங்கட வீட்டுப் பிள்ளையின்ர மனசைக் கலைக்க வந்தனீங்களோ என்று தொடங்கினாள். ஆனால் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார்.

மாடியிலிருந்து சுவாமிநாதன் இறங்கி வந்தார். மெலிந்து, ஊன்றுகோலோடு. மனைவியைப் பார்த்தார், பிறகு அரியரத்தினத்தைப் பார்த்தார்.

"எட்டு மாசம் என்ர கட்டிலில படுத்தனி, அரியம். நான் பங்கிட்ட சோறு இன்னும் உன்ர உடம்பில இருக்குது. அதை மறந்திட்டே இஞ்ச வந்து நிக்கிறாய்?"

"மறக்கேல்லை அண்ணை. சாகுமட்டும் மறக்கமாட்டன். அதாலதான் வந்தனான்." என்றார் அரியரத்தினம். "நீங்கள் என்னை ஒளிச்சு வைச்சது, நான் ஒரு நாளைக்கு வெளியில போகவேணுமெண்டு. இந்தப் பிள்ளையை ஒளிச்சு வைச்சிருக்கிறது, அது ஒரு நாளும் வெளியில போகக் கூடாதெண்டு. இது உங்களுக்கு விளங்காதே? என்னை விட உங்களுக்கல்லோ விளங்கவேணும்."

சுவாமிநாதன் ஊன்றுகோலைப் பார்த்துக் கொண்டு நின்றார்.

அப்போது குமுதினி திரும்பி வந்தாள். கையைக் கழுவித் துடைத்திருந்தாள். "அடுப்புல தட்டு இருந்துச்சு. அணைச்சிட்டு வந்தேன்" என்றாள், எல்லாருக்கும் பொதுவாக. சுகன்யாதேவி அவள் கையைப் பிடிக்கப் போனாள். "விடும், சுகன்யா" என்றார் சுவாமிநாதன். நிமிராமலே சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அரியரத்தினம் இன்றும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

வீட்டுச் செருப்போடேயே குமுதினி வாசற்படி இறங்கி, தூறலில், ஈர இலைகளின் மேல் நடந்து காரில் ஏறினாள். பின்னிருக்கையில் அவள் மடியில் கமலநாயகி ஆறாவது பெட்டியை வைத்தாள். கார் பெரிய தெருவுக்கு ஏறியபிறகுதான் குமுதினி வாய் திறந்தாள். அழவில்லை.

"அக்கா, முப்பத்தஞ்சு இடியாப்பம் குறையுதே. கோயிலுக்கு என்ன செய்வீங்க?"

கமலநாயகிக்குத்தான் அழுகை வந்தது. சோறு வடிப்பம் பிள்ளை, ஒரு நாளைக்குச் சோறு தின்றால் சனம் சாகாது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்று பின்னேரம் மண்டபத்தில் வழமைக்கு மாறாகச் சோறும் பருப்பும் பரிமாறினார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கமலநாயகி ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு குடும்பம் சாப்பிடாமல் எழும்பிப் போனது. மற்றவர்கள் இருந்து சாப்பிட்டார்கள்.

பாஸ்போர்ட்டை அடுத்த கிழமை பொலிஸ் போய் அலுமாரியிலிருந்து எடுத்தது. குமுதினி மூன்று மாதத்தையும் எடுத்துக் கொள்ளவில்லை, ஐந்தாவது கிழமையே சாட்சி சொல்கிறேன் என்றுவிட்டாள். வழக்கு நடக்கிறது. கோயிலில் அரியரத்தினத்தோடு பேசாதவர்கள் சிலர் உண்டு, காட்டிக் கொடுத்தவன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்களும் உண்டு. சுவாமிநாதன் வீட்டுக் கதவு அவர் சொன்னபடியே மூடிக் கொண்டது. எண்பத்தைந்தில் இருவரும் தோளில் கை போட்டு எடுத்த படம் இன்னும் அரியரத்தினம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கழற்றவா என்று தேனுஜா ஒருநாள் கேட்டதற்கு, அந்த மனிசன் எனக்குச் செய்தது செய்ததுதான், இருக்கட்டும் என்றார்.

குமுதினியை ஆலோசனை நிலையத்தில் விட்ட அன்று அந்த நீல மூடிப் பெட்டியும் அவளோடே போய்விட்டது. சுகன்யாதேவியின் பெட்டிதான், ஆனால் அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குமுதினி கமலநாயகி வீட்டுக்கு வந்தாள். அதுவரை கூட்டிவரப் போனவர்கள் தேனுஜாவோ அரியரத்தினமோதான். அன்று தனியாக, பஸ் மாறி, ட்ராம் ஏறி வந்தாள். காலில் நீலச் சப்பாத்து, தோளில் பை, கழுத்தில் அறைச் சாவி தொங்கியது. முகம் கொஞ்சம் உருண்டிருந்தது. யாழ்ப்பாணத்தார் வீட்டில் நான்கு வருடம் ஆமாம் என்பதற்கு ஓம், ஓம் என்று பழகிய வாயில் மலைநாட்டுப் பேச்சு முழுதாகத் திரும்பியிருந்தது. வேலை பழக ஒரு பேக்கரியில் கேட்டிருப்பதாகவும், ஜெர்மன் வகுப்பில் ஒரு சிரியாப் பெண் சிநேகிதி என்றும் நிறுத்தாமல் சொன்னாள்.

கமலநாயகி விடியவே எழும்பி, தன் பழைய உரலைத் தேடி எடுத்து, கை நோக நோக இடியப்பம் பிழிந்து வைத்திருந்தாள். இவ்வளவு காலமும் எல்லாருக்கும் பிழிந்து கொடுத்த பிள்ளைக்கு ஒரு நாளாவது ஒருத்தர் பிழிந்து கொடுக்க வேண்டாமா? சொதியும் சம்பலும் சுற்றி வைத்து, தட்டில் ஐந்தை அடுக்கி அவள் முன்னால் நகர்த்தினாள். சில கட்டியாகவும் சில பிய்ந்தும் இருந்தன.

குமுதினி தட்டைப் பார்த்தாள். கையை மடியிலேயே வைத்துக் கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு இடியாப்பம் பிடிக்காது. சின்னதிலயிருந்தே பிடிக்காது."

 முதலில் சிரித்தவர் அரியரத்தினம். பிறகு தேனுஜா. கமலநாயகி விழுந்து விழுந்து சிரித்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக் கொண்டு, நாலு வருசம், நாலு வருசம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருத்தரும் கேட்கவில்லையே பிள்ளை, உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

குமுதினி பையைத் திறந்து நீல மூடிப் பெட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"வெறும் பெட்டி திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு உங்ககிட்டதான் பழகினேன்" என்றாள்.

மூடியைத் திறந்ததும் சுட்ட தேங்காயின் மணம் எழும்பியது. ரொட்டி. தோட்டத்துப் பக்கம் சுடுகிற மாதிரி, கனமாக, கையால் தட்டியது. பக்கத்தில் கிண்ணத்தில் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். தங்குமிடத்து அடுப்பில் காலையில் சுட்டதாம்.

கமலநாயகி இடியப்பத் தட்டை எடுத்து அப்பால் வைத்தாள். "நன்றி, பிள்ளை" என்றாள். மாப்பைத் துண்டில் இவளுக்கு வந்த அதே சொல்தான். 

எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டே பழகிய குமுதினி, பெட்டிக்குள் கை விட்டு, எல்லாவற்றிலும் நன்றாகச் சிவந்திருந்த ரொட்டியைத் தேடி எடுத்துத் தன் தட்டில் வைத்துக் கொண்டாள்.